பல்லால் கடித்த பாதி மாத்திரை

அவள் மாத்திரையைப் பல்லால் கடித்துத்தான் பாதியாக்குவாள். வீட்டில் கத்தி இருக்கும். அரிவாள்மணை இருக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் வாசல் கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டலாம். மாட்டாள். வெற்றிலைக் காவி ஏறிய முன்பற்களுக்கு நடுவில் வைத்து டக்கென்று கடிப்பாள். ஒரு பாதி கையில் நிற்கும், மற்றது வாய்க்குள் போகும். அதை நாக்கால் தள்ளி உள்ளங்கையில் துப்புவாள். இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சரிசமமா என்று பார்ப்பாள். அப்புறம், "இந்தா, இது உனக்கு, இது ஒம் புருசனுக்கு" என்று நீட்டுவாள். அந்த எச்சில் காயும் முன்னே வாங்கி முழுங்கியவர்கள் எங்கள் லயத்தில் நிறையப் பேர். இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்குச் சீ என்றுதான் வருகிறது.

எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் ரோட்டில் இறங்கி, தேயிலைக்குள் ஏறி வரவேண்டிய இடம். லயம் என்றால் என்ன என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக அடைத்த குடும்பங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் அந்த ஓர் அறைக்குள். ஜன்னல் என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நடுச்சுவர் கூரையைத் தொடாது. அடுத்த வீட்டுப் புகை நம் வீட்டுக்கு வரும், நம் வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குப் போகும். எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது அந்த அரைச்சுவர்தான். அவள் காறித் துப்பும் சத்தத்தில்தான் எனக்குத் தினமும் பொழுது விடிந்தது.

எல்லோருக்கும் அவள் பங்கு அத்தை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை சொல்லும் பெயர் ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அவள் செய்ததைச் சொன்னால் போதும், பெயர் எதற்கு?

எனக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். சீச்சீ. எதைப் பார்த்தாலும் "சீ" என்பேனாம். ஆமாம், சொன்னேன். பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு மேலேயே பிள்ளைகளின் பீத்துணியை அலசுவதைப் பார்த்தால் வேறு என்ன சொல்வதாம்? வாழ்க என்றா? வாசல் சாக்கடைக் கானில் மிதப்பதைப் பெயர் சொல்லி எழுதவே கை கூசும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறவர்களைப் பார்த்து நான் சீ என்றால், அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பவள் பங்கு அத்தைதான். "தொரசானி வயித்துல பொறக்க வேண்டியவ, வழி தவறி நம்ம லயத்துல வந்து விழுந்துட்டா" என்பாள்.

பங்கு அவள் கூடப் பிறந்தது. முனியாண்டி பூசைக்கு ஆடு வெட்டினால் கறியைக் கூறு போட அவளைத்தான் கூப்பிடுவார்கள். தராசு வேண்டாம். ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு துண்டு, எலும்பு, கொழுப்பு என்று எல்லாக் கூறிலும் எல்லாம் விழும். தலைவர் வீட்டுக் கூறும் கைம்பெண் வீட்டுக் கூறும் ஒன்றுதான். யாரும் சண்டைக்கு வந்ததில்லை. கறிக்கு வந்த ஈயை விரட்டிய கையாலேயே மூக்கையும் துடைத்துக்கொள்வாள், அது வேறு கதை.

எழுபதுகளில் பஞ்சம் வந்ததே, அப்போதுதான் அவளுடைய ஆட்சி. கூப்பன் அரிசி குறைந்தது, மாவும் கண்ணில் படவில்லை. ஒரு மரவள்ளிக் கிழங்கு கிடைத்தால் அன்றைக்கு அந்த வீட்டில் பெருநாள். பங்கு அத்தை ஒரு பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினாள். "என்னா இருக்கு? இருக்குறத போடு." ஒருத்தி ஒரு பிடி மா போடுவாள், ஒருத்தி கீரை, ஒருத்தி கிழங்கு, ஒருத்தி வெறும் உப்பு. எல்லாம் ஒரே சட்டியில் கொதிக்கும். அந்தக் கூழில் யாருடையது என்று தெரியாத தலைமுடி கிடக்கும். அகப்பையை நக்கிப் பார்த்துவிட்டு அதே அகப்பையை மறுபடி உள்ளே விடுவாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தேன். ஆனால் குடித்தேன். கீழ் லயத்தில் பச்சைப் பிள்ளைகளைப் புதைத்தார்கள். கிழடுகள் பிச்சைக்குப் பதுளை டவுனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. எங்கள் லயத்தில் ஒரு சாவு விழவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன்.

தாய் தகப்பன் இல்லாத எங்கள் வீட்டில் அண்ணனும் நானும்தான். அண்ணன் கவ்வாத்துக் கத்தி பிடிப்பவன். தேயிலைச் செடியைத் தறிக்கிற அந்த வேலைக்கு உடம்பில் வலு வேண்டும். பசியில் அவன் மலையில் மயங்கி விழுந்த அன்று, அத்தை தன் பங்குக் கூழை அப்படியே அவன் வாயில் ஊற்றினாள். அதற்குப் பிறகு அண்ணனுக்கு அவள் தெய்வம். அந்தத் தெய்வத்தை நான் அரைச்சுவருக்கு இந்தப் பக்கமிருந்து தினமும் வைதுகொண்டிருந்தேன்.

பஞ்சம் போனது, பங்கு போகவில்லை. வாய்க்குப் போட்ட பங்கை அவள் வியாதிக்கும் போட ஆரம்பித்தாள்.

அவளிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்கு யார் போய் வந்தாலும் அந்த டப்பாவோடு வாசலில் நிற்பாள். "என்னா குடுத்தாங்க? எங்க, பங்கு எங்க?" கொடுக்காமல் இருக்க யாராலும் முடியாது. எல்லோரும் அவள் சட்டியில் தின்றவர்கள். வெள்ளை மாத்திரை, ரோஸ் மாத்திரை, உள்ளே தூள் அடைத்த சிவப்பு மஞ்சள் மாத்திரை எல்லாம் அந்த டப்பாவுக்குள் ஒன்றாகக் கிடக்கும். பாக்குத் துண்டு ஒட்டியிருக்கும், சுண்ணாம்பு ஒட்டியிருக்கும், பஞ்சும் முடியும் சுற்றியிருக்கும். ஈர நாளில் ஒன்றோடொன்று பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும். யாருக்கு என்ன நோவு என்றாலும் டப்பா திறக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, வயிற்றோட்டத்துக்கு ஒன்று, பல்வலிக்கு ஒன்று. எது எதற்கு என்று கேட்டால், "எல்லாம் டாக்டரு குடுத்ததுதானடி, கெடுதலா பண்ணும்?" என்பாள்.

அந்தச் சிவப்பு மஞ்சள் மாத்திரை அவளுக்கு உசத்தி. பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்த வருஷம், அதைப் பிரித்து உள்ளே இருந்த மஞ்சள் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வைத்துக்கொண்டாள். வாசலில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஒரு விரலால் எல்லோருக்கும் பூசினாள். முதல் பிள்ளையின் சீழிலிருந்து எடுத்த விரல் கடைசிப் பிள்ளையின் தொடை வரைக்கும் போகும். நடுவில் துடைப்பு உண்டு, சேலைத் தலைப்பில். அதே தலைப்பால்தான் வாயையும் துடைப்பாள். நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

புண் காய்ந்தது. காய்ந்ததும் பூசுவதை விட்டாள், மிச்சத் தூளை அடுத்த லயத்துக்குப் பங்கு கொடுத்தாள். கொஞ்ச நாளில் சிரங்கு திரும்பி வந்தது, முன்னைவிடப் பெரிதாக, மஞ்சளாய்ப் பொருக்கு கட்டிக்கொண்டு. இந்த முறை தூளைக் குழைத்துக் குழைத்துப் பூசினாள், ஒன்றும் நடக்கவில்லை. தோட்டத்து மருந்துக்காரரை நாங்கள் டாக்டரையா என்போம். அவர் தன்னிடமிருந்த களிம்பையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, "இதென்ன புண்ணுடா, எந்த மருந்துக்கும் மசிய மாட்டேங்குது" என்று தலையைச் சொறிந்தார். ஒரு பிள்ளைக்கு முகமெல்லாம் வீங்கி, மூத்திரம் பால் ஊற்றாத சாயத்தண்ணீர் நிறத்தில் போக, பதுளைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என்ன பூசினீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்குத் தாய்க்காரி வாயைத் திறக்கவில்லையாம். அத்தைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம். நல்லவேளை, பிள்ளை பிழைத்தது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் அண்ணன் இரத்தமாகத் துப்பினான். கானின் சிமெண்டில் நான்தான் பார்த்தேன். முதலில் வெற்றிலைச் சாறு என்று நினைத்துச் சீ என்றேன். அவன் வெற்றிலை போடுவதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

பதுளையில் நெஞ்சு நோய் வார்டில் மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர், வயசானவர், அவனை வீட்டுக்கு அனுப்பும்போது என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"பிள்ளை, வடிவாக் கேள். கொண்ணனுக்கு இருமல் நிண்டு போகும், உடம்பும் தேறும். சுகம் எண்டு நினைச்சுக் குளிசையை நிப்பாட்டக் கூடாது. ஒரு வருசத்துக்கு மேல தினமும் போட வேணும். நீதான் நிண்டு பாத்துக் குடுக்க வேணும். விளங்குதோ?"

"வெளங்குதுங்க."

"ஒருத்தருக்கும் குடுக்கவும் கூடாது."

அவருக்கு எப்படித் தெரிந்ததோ! நான் அந்த மாத்திரைப் பொட்டலத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிறு போலக் கழுத்தில் கட்டிக்கொண்டேன். காலையில் பெரட்டுக்குப் போகும் முன் என் கையால் எடுத்து அண்ணன் வாயில் போடுவேன். தண்ணீர் கொடுப்பேன். குடிப்பான். பிறகுதான் வெளியே விடுவேன்.

அண்ணன் தேறினான். கன்னத்தில் சதை போட்டது. கவ்வாத்துக்கும் போனான். அரைச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒருநாள் குரல் வந்தது.

"ஏ சீச்சீ, ஒங்கண்ணன் இருமுற சத்தமே காணமே?"

"நல்லாயிருக்கான் அத்தை."

"அப்ப மாத்திரை மிச்சம் இருக்கும்."

"இருக்கு. அவனுக்கு இருக்கு."

மறுநாள் டப்பாவோடு வந்துவிட்டாள். லயத்துக் கடைசியில் இருக்கும் தொங்கல் வீட்டுப் பையன் இருமுகிறானாம், அவன் பெண்டாட்டியும் இருமுகிறாளாம். பதுளைக்குப் போனால் வார்டில் போட்டுவிடுவார்கள், பேர் கெட்டுப்போகும், இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நெஞ்சு நோய் என்றால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். ஆகையால் மாத்திரை வேண்டும்.

"தர மாட்டேன்" என்றேன்.

"பசிக்குப் பங்கு போட்டப்ப இனிச்சிச்சு. நோவுக்குப் பங்கு கேட்டா கசக்குதோ?"

"த்தூ! கூழும் மருந்தும் ஒண்ணா அத்தை? ஒரு ஆளு கூழ பத்துப் பேரு குடிச்சா பத்துப் பேருக்கும் அரை வயிறு. ஒரு ஆளு மருந்த பத்துப் பேரு தின்னா பத்துப் பேரும் சாவாங்க!"

நான் ஏதோ ஆத்திரத்தில் சொன்னதுதான். டாக்டர் சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் கோபப்படவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு, "ஒருத்தன் மட்டும் பொழைச்சுக் கெடந்தா, அது என்னாடி பொழப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் காலையில் மழைக்கம்பளியை மறந்துவிட்டுப் போன அண்ணன் பின்னால் ஓடினேன். பீலிக்கரையில் நின்றான். அத்தை எதிரில் நின்றாள். அவள் இரண்டு கைகளையும் கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் குவித்து நீட்டினாள். என் அண்ணன் குனிந்து, கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்த மாத்திரையை அவள் கையில் துப்பினான். அவள் அதை எடுத்து, என் கண் முன்னால், பல்லுக்கு நடுவில் வைத்து டக்கென்று கடித்தாள்.

இரத்தம் துப்பிய வாய் அது. அந்த வாயிலிருந்து அவள் வாய்க்கு, அவள் வாயிலிருந்து தொங்கல் வீட்டுக்காரன் வாய்க்கு, அவன் பெண்டாட்டி வாய்க்கு. நான் அங்கேயே தேயிலை அடியில் வாந்தியெடுத்தேன்.

"எத்தன நாளா நடக்குது இந்தக் கூத்து?"

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "தெனமும் இல்ல புள்ள. ஒருநா விட்டு ஒருநாதான். எனக்குத்தான் இருமலு நின்னு போச்சே. அவங்க பங்க குடிச்சுத்தானே நான் உசுரோட இருக்கேன், எப்புடி இல்லைன்னு சொல்றது?"

"அடப்பாவி, நன்றிய வேற எதுலயாவது காட்டக் கூடாதா? வெறகு வெட்டிக் குடுத்திருக்கலாமே!"

அத்தை இரண்டு பாதிகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு, "அவன திட்டாத. நான்தான் கேட்டேன்" என்றாள். அவள் முகத்தில் குற்றம் செய்த களையே இல்லை. கறிக் கூறு போட்டு முடித்தவள் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. அன்றிலிருந்து அவன் முழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கி, கன்னத்தை இழுத்துப் பார்த்தேன். காலம் கடந்துவிட்டது.

இருமல் திரும்பி வந்தது. மறுபடியும் பதுளை. மறுபடியும் அதே டாக்டர். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பூச்சி அரித்த இலை மாதிரி அங்கங்கே ஓட்டை. நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பல்லால் கடித்ததையும் சொன்னேன். அவர் படத்தைக் கீழே வைத்தார்.

"அரைகுறை மருந்து கிருமியை முழுக்கக் கொல்லாது, பிள்ளை. வலுவில்லாததுகள்தான் சாகும். அந்த மருந்தைத் தாங்கக்கூடியது ஒண்டு ரெண்டு மிஞ்சும். பிறகு அதுகள் பெருகும். பெருகினா, நெஞ்சு முழுக்க அந்தச் சாதிதான். இனி நான் இவருக்கு இந்தக் குளிசையைக் கூடை கூடையாக் குடுத்தாலும் அதுகளுக்கு ஒண்டும் நடவாது. இவர் இருமேக்க வெளியில வாறதும் அதுகள்தான்."

"அப்ப பங்கு வாங்கித் தின்னவங்க?"

"அவையின்ர நெஞ்சுக்குள்ளயும் இதே கதைதான் நடக்கும். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா, படம் எடுத்துப் பாப்பம்."

வந்தார்களா? ஒருவரும் வரவில்லை. அண்ணன் அந்த வார்டிலேயே போய்ச் சேர்ந்தான். கடைசியில் அவன் எடை ஒரு கொழுந்துக் கூடை அளவுகூட இல்லை. வேறு மருந்து கொழும்பில் வந்திருப்பதாகவும், எழுதிக் கேட்டிருப்பதாகவும் டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அது வந்து சேர்வதற்குள் இவன் முந்திக்கொண்டான்.

கருமாதிச் சோற்றைப் பங்கு போட்டவளும் அவள்தான். வேறு யார் போடுவார்கள்? என் இலையில் வைத்த கையைப் பார்த்தேன். நகத்தில் அதே காவி. சோற்றோடு இலையை அள்ளி வாசலில் எறிந்தேன். "எங்கண்ணனையே கூறு போட்டுட்ட, இன்னும் என்னாடி பங்கு?" என்று கத்தினேன். அத்தை என்று நான் சொல்லாத ஒரே நாள் அதுதான். சனம் முழுக்க என்னைத்தான் திட்டியது. அவள் இறைந்து கிடந்த சோற்றைப் பொறுக்கி நாய்களுக்கு வைத்தாள். அதையும் இரண்டு நாய்க்கும் சமமாகவே வைத்தாள், பாவி.

அப்புறம் லயம் காலியாக ஆரம்பித்தது. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் வந்தவர்கள் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். தொங்கல் வீட்டுப் பையனும் அவன் பெண்டாட்டியும் போனார்கள். பதுளை ஸ்டேஷனில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதபோது அவன் இருமல் எனக்குத் தனியாகக் கேட்டது. தலைமன்னாரில் கப்பலேறி எந்த ஊர் முகாமில் போய் இருமினானோ, எத்தனை பேர் நெஞ்சில் அது குடியேறியதோ! ஆட்களுக்குத்தான் அத்தனை முத்திரையும் கையெழுத்தும். கிருமியிடம் யார் பாஸ்போர்ட் கேட்டார்கள்?

அத்தைக்குப் பிள்ளை குட்டி இல்லை. புருஷன்காரன் முன்னாலேயே இந்தியாவுக்குப் போய்க் காணாமல் போனவன். அவள் சட்டியில் தின்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போக, கடைசியில் அந்தத் தொடர் லயத்தில் நாலைந்து அடுப்புத்தான் புகைந்தது. நான் அவளோடு பேசுவதில்லை.

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. நான் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன். அது எனக்குத் தெரிந்த இருமல். அடியில் ஏதோ கிழிகிற மாதிரி, முடிவில் ஒரு விசில் சத்தத்தோடு. அண்ணன் இருமல்.

போய்ப் பார்த்தேன். சாக்கின்மேல் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் சாம்பல் போட்ட சிரட்டை, அதில் சிவப்பு. பிஸ்கட் டப்பா திறந்து கிடந்தது, காலி. அவள் தனக்கென்று ஒரு பாதிகூட வைத்துக்கொள்ளவில்லை. சிரட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"எந்திரிங்க. பதுளைக்குப் போவோம்."

"எதுக்கு புள்ள? நான் ஒண்டிக்கட்டை."

"இங்க கெடந்து செத்து நாறுனா யாரு தூக்குறது? எந்திரிங்க!"

இரக்கத்தில் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் அண்ணனைத் தின்ற கிருமி அவள் நெஞ்சுக்குள் உயிரோடு இருந்தது. அவன் போய்விட்டான், அது மட்டும் சொகுசாக இருந்தது. அது சாக வேண்டும். அதற்காகத்தான் அவளைக் கைத்தாங்கலாக ரோட்டுக்கு இறக்கி, பஸ்ஸில் தள்ளினேன்.

டாக்டர் சளியைப் பரிசோதித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கொண்ணன்ர குளிசை இவவுக்கும் வேலை செய்யாது. ஆனா இப்ப புது மருந்து வந்திருக்கு. கொஞ்சமாத்தான் வருது. ஒண்டையும் விடாமப் போட்டாத் தப்புவா. இதையும் பழுதாக்கினா, பிறகு என்னட்ட வேற ஒண்டும் இல்லை." சிவப்புக் கூட்டுக்குள் தூள் அடைத்த மாத்திரை அது. மூத்திரம், கண்ணீர், எச்சில் எல்லாம் சிவக்கும், பயப்படாதே என்றும் சொன்னார். எனக்குக் கேட்கும்போதே உடம்பு கூசியது.

லீவு கிடைத்தபோதெல்லாம் போனேன். ஒருமுறை, பார்வை நேரத்துக்கு மணி அடித்து உள்ளே நுழைந்தபோது, அவள் தலையணை ஓரத்தில் செம்மஞ்சளாய் ஒரு கறை. சீ, வார்டிலும் வெற்றிலையா?

"என்னா அத்தை, யாரு குடுத்தா வெத்தலை?"

அவள் பேசவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். வாய் இறுக்கி மூடியிருந்தது. ஒரு கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போகும் வரை அவள் கண் நர்ஸ் மேலேயே இருந்தது. பிறகு என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். நான் குனிந்தேன். உள்ளங்கையைக் குவித்து அதில் துப்பினாள்.

சிவப்பு மாத்திரை. பாதி இளகிப் பிசுபிசுத்துக் கிடந்தது. அதைச் சுற்றி எச்சில், செக்கச்செவேலென்று ரேகை ரேகையாக வழிந்தது.

"எடுத்துக்க புள்ள. போன தடவ வந்தப்ப இருமுனியே. என் காதுல விழுந்துச்சு." மூச்சு வாங்கினாள். "கடிச்சுக் குடுக்கலாம்னா பல்லு எல்லாம் ஆடுது. பாதி வேணாம். முழுசா நீயே எடுத்துக்க."

எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. அந்தக் கையிலிருந்து அதை வழித்து எடுத்தேன். மறுகையால் அவள் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தேன். வெறும் விரலால், எச்சிலும் சிவப்புமாக, அதை நாக்கின் அடித்தொண்டை வரைக்கும் கொண்டுபோய்த் தள்ளினேன். வாயைப் பொத்தினேன். அவள் திமிறினாள், என் விரலில் ஆடுகிற பல் அழுந்தியது. விடவில்லை.

"முழுங்குங்க! முழுங்குங்க அத்தை! எனக்கு வேணாம், யாருக்கும் வேணாம், முழுங்கித் தொலைங்க!"

பக்கத்துக் கட்டில்காரிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் அழுகிறேன் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் தொண்டை ஏறி இறங்கியது. நான் கையை எடுத்து, "வாயத் தொறங்க" என்றேன். திறந்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னேன், தூக்கினாள். கன்னத்தை இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

"முழுசையும் நானே தின்னுட்டேனே புள்ள" என்றாள். சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுச் சட்டியில் கை வைத்து அகப்பட்டவளைப் போல முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

என் விரலெல்லாம் சிவப்பு. "நாளைக்கும் வருவேன்" என்றேன். "நாளைக்கும் முழுசுதான்."